கொட்டாஞ்சேனை அம்மம்மாவின் படம் கனம்

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் சம்பந்தியின் படங்கள் என் படங்களைவிடக் கனமாக இருந்தன. தூக்கிப் பார்த்துச் சொல்லவில்லை, கொம்பியூட்டரில் நம்பர் பார்த்துச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நம்பர் தெரியும். பஸ் நம்பர், ஃபோன் நம்பர், மீன்காரனின் தராசில் விழுகிற நம்பர் எல்லாம் தெரியும். நம்பர் விஷயத்தில் வெள்ளவத்தைச் சந்தையிலேயே என்னை ஒருவரும் ஏமாற்றியது கிடையாது.

இதை நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். நான் "போனனான்" என்று சொன்னால் அவள் "போனேன்" என்று எழுதுகிறாள். அச்சில் வருகிறதென்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இருக்கட்டும். சொல்லை மாற்றினாலும் கதையை மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதுவும் அவளுடைய அம்மம்மா வருகிற இடங்களில்.

நான் அவளுக்கு அப்பம்மா, தகப்பனைப் பெற்றவள். மகன், மருமகள், பேத்தி, நான் என்று நாலு பேரும் கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் இருப்பவ மருமகளைப் பெற்றவ, பேத்திக்கு அம்மம்மா. அவர்கள் மாதா கோயில் வேதக்காரர், நாங்கள் சைவம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கந்தோரில் வேலை செய்யும்போது கண்டு விரும்பிச் செய்த கல்யாணம் அது. அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அது பழைய கதை. என் கோபம் வேறு. உலகத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அம்மம்மாவின் கறி, அம்மம்மாவின் மடி என்றுதான் சொல்லும். அப்பம்மாவின் மடி என்ன, முள்ளா? ஒரே வீட்டில் இருந்து பால் ஆற்றிக் கொடுத்தவள் நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவவுக்குப் பட்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அவவை அக்கா என்று கூப்பிடுவேன். அவவும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவா. இரண்டு பேரில் யார் மூத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரிய விடவும் மாட்டோம்.

பேத்தி படம் எடுப்பவள். கல்யாணம், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, ஹோட்டல் சாப்பாடு எல்லாம் எடுப்பாள். போன வருஷம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பிரான்சில் ஒரு பெண், கொழும்பு வீட்டுச் சமையலைப் பற்றிப் படப் புத்தகம் போடுகிறாவாம். இரண்டு வீட்டுக் குசினி வேண்டும், இரண்டு வயதான பெண்கள் வேண்டும் என்று கேட்டிருந்தா. வெளிநாட்டிலிருந்து பிள்ளைக்கு வந்த முதல் வேலை அது. இரண்டு பேருடைய படமும் புத்தகத்துக்குள் வரும். ஆனால் அட்டையில் ஒரு படம்தான் வரும்.

அட்டை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பசி போய்விட்டது.

முதலில் என் குசினியில்தான் எடுத்தாள். "அப்பம்மா, வழமையா சமைக்கிற மாதிரிச் சமையுங்கோ. ஒண்டும் விசேஷமா வேண்டாம்" என்று முதல் நாளே சொன்னாள். பிரான்சுக்குப் போகிற படத்தில் யாராவது வழமையாக நிற்பார்களா? நான் காஸ் சிலிண்டருக்கு மேசை விரிப்புப் போட்டு மூடினேன். கரி பிடித்த தாச்சியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அலுமாரியிலிருந்து அரக்குப் பட்டுச் சீலையை எடுத்து உடுத்து, பவுடர் போட்டு, பூ வைத்து, தைப்பொங்கல் இல்லாத நாளில் சர்க்கரைப் பொங்கல் பொங்கினேன்.

"கமராவைப் பாக்காதேங்கோ" என்றாள்.

"பின்னை எங்கை பாக்கிறது?"

"பானையைப் பாருங்கோவன்."

"பானையை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். என்ர முகம் எல்லோ பிரான்சுக்குத் தெரியோணும்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். எங்கள் காலத்தில் ஸ்ரூடியோவில் அப்படித்தான். மூச்சு விட்டால் படம் கலங்கும் என்று படக்காரர் அதட்டுவார். என் கல்யாணப் படத்தில் நானும் அவரும் மூழ்கப் போகிறவர்கள் மாதிரி நிற்பது அதனால்தான். பேத்தி கொஞ்சம் எடுத்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், "காணும் அப்பம்மா" என்றாள். அவ்வளவு கெதியில் முடிந்ததே, நான் அவ்வளவு நன்றாக நின்றிருக்கிறேன் என்று நினைத்து அன்றைக்கு அவளுக்கு நெய் கூடவே விட்டுப் பொங்கல் கொடுத்தேன்.

அடுத்தது கொட்டாஞ்சேனை. "நானும் வாறன்" என்றேன்.

"நீங்கள் என்னத்துக்கு?"

"பை தூக்க ஒரு ஆள் வேண்டாமோ?"

உண்மை என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கமராப் பையை என் மடியில் வைத்தாள். த்ரீவீல்காரப் பொடியன் காலி வீதியில் பறந்தான். "மல்லி, ஹெமின் யன்ன" என்று நான் கத்தக் கத்த இன்னும் வேகமாகப் போனான். மெதுவாகப் போ என்று சிங்களத்தில் சொன்னால் கொழும்பில் ஒரு த்ரீவீல்காரனுக்கும் விளங்காது.

அவவின் வீடு தேவாலயத்துக்குப் பின்பக்கம், ஒன்றோடொன்று ஒட்டின பழைய வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு அறை, பிறகு நீளமான இருட்டு நடை, நடையின் முடிவில் குசினி. குசினிக் கூரையில் ஒரேயொரு கண்ணாடி ஓடு. அந்த ஓட்டு வழியாக வெயில் நேரே அம்மியில் விழும், மற்ற இடமெல்லாம் புகையும் கருக்கலும். நான் மனதுக்குள் சிரித்தேன். இந்த இருட்டில் என்ன படம் எடுப்பது?

அம்மம்மா வீட்டுக் கவுனோடு நின்றா, பூப் போட்டு வெளிறிப்போன கவுன். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. பவுடர் இல்லை, ஒன்றுமில்லை. மட்டக்குளியிலிருந்து வருகிற மீன்காரர் ஒரு கூடை நண்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எல்லாம் உயிர் நண்டு. மூடியைத் திறந்ததும் ஒன்று பாய்ந்து நிலத்தில் ஓடியது. அம்மம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினா.

"அடியே, எங்க ஓடுற? ஓடு, ஓடு, சட்டி அந்தப் பக்கம்தான் இருக்கு!"

பேத்தி நிலத்தில் படுத்தே விட்டாள். படுத்துக் கிடந்து கமராப் பொத்தானை அமத்துகிறாள், சிரிக்கிறாள், திரும்ப அமத்துகிறாள். கமரா கிளிக் கிளிக்கென்று சத்தம் போடுகிறது. என் குசினியில் அவள் ஒருதரமாவது சிரித்தாளா? நான் நடையில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

அம்மம்மா என்னைக் கண்டுவிட்டா. "அக்கா, ஏன் இருட்டுல நிக்கிறீங்க? வாங்க, வந்து நாலு கால உடைச்சுத் தாங்க."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை அக்கா, நான் நண்டு தொடமாட்டன்" என்றேன்.

"அப்பம்மா, இண்டைக்கு வியாழக்கிழமை" என்று நிலத்திலிருந்து ஒரு குரல்.

"வியாழனும் தொடமாட்டன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. அதைக் கேட்க எனக்கு இன்னும் எரிந்தது. ஓட்டு வெளிச்சத்தில் நின்று நண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவ கதைத்த கதையெல்லாம் இப்போது வேண்டாம். காலையில் தொடங்கின படம் மத்தியானம் கறிக்கு முருங்கையிலை போடும்வரைக்கும் போனது. கறி நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை என்று நிரூபணமாகிவிட்டபடியால் நானும் சாப்பிட்டேன். புளி ஒரு சொட்டுக் குறைவு. அதை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பேத்தி படங்களைக் கொம்பியூட்டரில் போட்டாள். எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருந்தன.

"என்ன பிள்ளை இது? என்ர பட்டு கழுவின சீலை மாதிரிக் கிடக்கு."

"இது றோ, அப்பம்மா. பச்சைப் படம். இன்னும் சமைக்கேல்லை. ஃபோனில எடுக்கிறது சமைச்ச சோறு. இது அரிசி. அரிசியைச் சோறாக்கலாம், மாவாக்கலாம், புட்டு அவிக்கலாம். சோத்தைத் திரும்ப அரிசியாக்கேலுமோ? பிரான்சில இருக்கிறவ தானே சமைக்கப் போறாவாம். அதுதான் அரிசியாவே அனுப்பச் சொல்லிக் கேக்கிறா."

"அதுக்கென்ன, வட்ஸ்அப்பில போட்டு விடன்."

"வட்ஸ்அப் தேங்காய்ப் பாலைப் பிழிஞ்சு வைச்சுக்கொண்டு சக்கையை அனுப்பும், அப்பம்மா. ஈமெயில் இவ்வளவு பாரம் தாங்காது. இன்ரநெற்றில ஒரு இடம் இருக்கு. அங்கை கொண்டுபோய் வைச்சா, திறப்பு மாதிரி ஒண்டு தருவாங்கள். அந்தத் திறப்பை நான் அவவுக்கு அனுப்பினா, அவ திறந்து எடுப்பா. ஒரு கிழமைதான் வைச்சிருப்பாங்கள். பிறகு எறிஞ்சு போடுவாங்கள்."

பாரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பாரம் எனக்கு விளங்கும். வெள்ளவத்தையில் யாருக்குத்தான் விளங்காது? எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டைத் தட்டினாலும் கனடாவில் ஒன்று, லண்டனில் ஒன்று. யாராவது வெளிக்கிடுகிறார்கள் என்றால் சனம் பார்சலோடு வந்துவிடும். மிளகாய்த்தூள், ஒடியல், கருவாடு, பருத்தித்துறை வடை. சூட்கேசில் இருக்கிற இடம் கொஞ்சம். சொந்தத் தங்கச்சிக்கு எத்தனை கிலோ, ஒன்றுவிட்ட மச்சாளுக்கு எத்தனை கிலோ என்று பிரித்துக் கொடுப்பதில்தான் பாசம் தெரியும். ஒரு கிலோவைக் குறைத்ததற்காகக் கதை பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எனக்குத் தெரியும். என் பார்சலையே ஒருதரம் எயார்போட்டில் வெளியே எடுத்துவிட்டார்கள். அதைச் செய்தவவின் பேரை நான் இப்போதும் சொல்வதில்லை.

அதனால் கேட்டேன். "என்ர படம் எத்தினை கிலோ?"

"கிலோ இல்லை, ஜீபி."

"ஏதோ ஒண்டு. எத்தினை?"

படங்களைப் போட்டு வைத்த இரண்டு பெட்டிகள் திரையில் இருந்தன. ஒன்றில் என் முகம், மற்றதில் நண்டு. பக்கத்தில் நம்பர். அவள் வாசிக்க முதல் நானே வாசித்துவிட்டேன். என்னுடையது நாலு. அவவுடையது முப்பத்தொன்று.

நாலு. தூரத்துச் சொந்தத்துக்குக் கொடுக்கிற இடம். அதுவும் மனமில்லாமல் கொடுப்பது.

"ஏன் பிள்ளை அவவுக்கு முப்பத்தொண்டு?"

"ஐயோ அப்பம்மா, அவ ஓடித் திரிஞ்சவ. ஓடுற ஆளை நூறு தரம் அமத்தினாத்தான் ஒண்டு சரியா வரும். நீங்கள் கோயில் சிலை மாதிரி நிண்டீங்கள். எத்தினை எடுத்தாலும் அதே படம்தான்."

இது புகழ்ச்சியா, நக்கலா என்று யோசித்து யோசித்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மருமகள் வந்து, "மாமி, வயித்துக்க ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள். அவவின் மகளிடம் என்னவென்று சொல்வது?

வெள்ளிக்கிழமையைப் போக விட்டு, சனிக்கிழமை சந்தைக்குப் போய் நண்டு வாங்கினேன். நல்ல கனமான நண்டு. பட்டு உடுக்கவில்லை, எனக்கும் ஒரு வீட்டுக் கவுன் இருக்கிறது. தலையைக் குலைத்துவிட்டேன். ஒரு நண்டைக் கூடையிலிருந்து நானே எடுத்து நிலத்தில் விட்டேன். அது அசையவில்லை. விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தேன். செத்த நண்டு.

பேத்தி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னணை செய்யிறீங்கள்?"

"வழமையா சமைக்கிறன். எடு படம்."

அவள் ஃபோனை எடுத்து ஒன்று அமத்தினாள். ஃபோனை! அந்தப் பெரிய கமராவை அலுமாரியை விட்டு எடுக்கவேயில்லை.

"அதென்ன ஃபோனில? எனக்கும் றோவில எடு!"

"செல்லம், படம் எடுத்து முடிஞ்சுது. இண்டைக்கு அனுப்பத் தொடங்கோணும்" என்று என் கன்னத்தில் ஒரு கொஞ்சு கொஞ்சிவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்சல் இல்லாவிட்டால் நண்டுச் சட்டியைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியிருப்பேன்.

முதலில் என் பெட்டியை அனுப்பினாள். நான் ஒரு மத்தியான நித்திரை கொண்டு எழும்ப முதல் போய்ச் சேர்ந்துவிட்டது. அவவுடையதுதான் கஷ்டம். எங்கள் வீட்டு லைனில் கீழே இறக்குவது கெதியாக வருமாம், மேலே ஏற்றுவது மாட்டுவண்டியாம். படம் போய் முடியும்வரை ஒருவரும் இன்ரநெற்றைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டாள். மகனுக்கு கிரிக்கெட் இல்லை, மருமகளுக்கு நாடகம் இல்லை. எனக்குக் கனடாவில் இருக்கிற தங்கச்சியோடு முகம் பார்த்துக் கதைப்பது இல்லை.

"அவவின்ர படம் போறதுக்கு நான் ஏன் வாயைக் கட்டோணும்?" என்று கேட்டேன்.

"உங்கட படம் போகேக்க எல்லாரும் சும்மா இருந்தவை தானே?"

"ஓம், ஒரு மத்தியான நித்திரை நேரம்."

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் பிறகு எங்கள் ஒழுங்கைக்கே லைன் போய்விட்டது. திருத்துகிறோம், திருத்துகிறோம் என்று நாட்கள் போயின. பிரான்சுக்குப் போனது என் பெட்டி மட்டும். பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தாள். நானோ சந்தோஷத்தில் பறந்தேன். பிரான்சில் இப்போது என் முகம் மட்டும்தான் இருக்கிறது. வேறு முகமே இல்லை. மருமகளோடு கூட அந்த நாட்களில் நான் அவ்வளவு அன்பாக இருந்தேன். அவள் பயந்துபோய் மகனிடம், "மாமிக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

லைன் திரும்பி வந்த அன்று காலையில் பிரான்சிலிருந்து செய்தி வந்தது. பேத்தி வாசித்துச் சொன்னாள். பின்னேரத்துக்குள் மற்றப் பெட்டியும் வர வேண்டும், வராவிட்டால் கையில் இருக்கிற முதல் பெட்டிக்குள்ளேயே அட்டையைத் தெரிவு செய்வோம். இதுதான் செய்தி.

"அதுக்கென்ன, என்ர நாலு ஜீபியே காணும் தானே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பம்மா, உங்கட படம் வடிவு. ஆனா அதுகளைப் பாத்தா நான் படம் எடுக்கிற ஆள் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். மற்றதிலதான் என்ர வேலை இருக்கு. அது போகாட்டி பிரான்சுக்காரி என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டா."

பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தது. அவளுக்குக் கல்கிசையில் ஒரு கல்யாண வேலையும் இருந்தது, நிற்க ஏலாது. மகனும் மருமகளும் கந்தோர். பெட்டியை ஏறவிட்டு, கொம்பியூட்டரை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுச் சொன்னாள். "மூடியை மூட விடாதேங்கோ. வயரைத் தட்டாதேங்கோ. நம்பர் நூறுக்குப் போனா முடிஞ்சுது. என்ர குஞ்செல்லோ."

அப்படி நான் என் எதிரியின் படங்களுக்குக் காவல் இருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு, விசிறியைத் திருப்பி வைத்து, ஒருதரம் எழும்பாமல். பதினொன்று, இருபத்தாறு, நாற்பது. ஒவ்வொரு நம்பரும் ஏற ஏற என் அட்டை என்னைவிட்டுப் போகிறது. அறுபத்தெட்டு. கடையில் நிறுக்கிறபோது ஏறுகிற நம்பரைப் பார்த்து வயிறு எரியும் தானே, அதே எரிச்சல். எண்பத்தொன்பதில் நின்றுவிட்டது. திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. அதில் ஏதோ எழுத்து. கீழே இரண்டு பொத்தான்.

பேத்திக்கு எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தேன். கல்யாண மேளத்துக்குள் அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது? மகனும் எடுக்கவில்லை, மருமகளும் எடுக்கவில்லை. எதிர் வீடு பூட்டு. எனக்குத் தெரிந்து இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற, இங்கிலீசு வாசிக்கிற ஆள் ஒன்றுதான். கன்னியர் மடத்தில் படித்தவ. அதையும் எத்தனை தரம் சொல்லிக் காட்டியிருக்கிறா!

ஃபோனில் அவவின் முகத்தைத் தேடி அமத்தினேன்.

"அக்கா, என்னா அதிசயம்! ஃபோனைத் தள்ளிப் பிடிங்க, உங்கட நெத்திதான் தெரியுது."

"நெத்தி கிடக்கட்டும். இதை வாசியுங்கோ" என்று ஃபோனைத் திரைக்குக் காட்டினேன்.

"லைன் ஒருக்கா அறுந்து வந்திருக்காம். திரும்ப அனுப்பவா, விட்டுடவா எண்டு கேக்குது."

"எது அனுப்புறது? இடதோ, வலதோ?"

"என்னா அனுப்புறீங்க?"

"உங்கட படம். நண்டுப் படம். பிரான்சுக்குப் போகுது, புத்தகத்துக்கு."

ஃபோனைத் திருப்பி அவவின் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் வெளியே வந்திருந்தன.

"அந்தக் கவுனோடயா? அனே, பிள்ளை புத்தகம் எண்டு சொல்ல, நான் ஏதோ படிப்புக்கு எண்டுதானே நினைச்சன்! ஐயோ, தலகூட சீவயில்ல அக்கா! கோயில்ல ஃபாதர் பாத்தா என்னா நினைப்பார்? விட்டுடுங்க. இடது பக்கத்த அமத்துங்க!"

"இடது பக்கம் விடுறதோ?"

அவவுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. "இல்ல இல்ல. இடது பக்கம்தான் அனுப்புறது. அமத்துங்க."

"இப்ப விடுறதெண்டு சொன்னீங்கள்."

"அப்படிச் சொல்லயில்லையே."

நினைத்துப் பாருங்கள். அவவுக்கும் அந்தப் படம் போகக் கூடாது, எனக்கும் போகக் கூடாது. இடது பக்கத்தை அமத்தினால் இரண்டு பேருக்கும் நிம்மதி. எனக்கு எழுத்துத் தெரியாது, அவதான் சொன்னா என்று சொல்லித் தப்பியும் விடலாம். கடவுளே கொண்டுவந்து தந்த மாதிரி. விரல் இடது பக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் காலையில் பிள்ளை நின்ற நிலை கண்ணுக்குள் வந்தது. அந்தக் கண்ணீர் அம்மம்மாவுக்காக வரவில்லை, தன்னுடைய வேலைக்காக வந்தது. அதில் நான் எப்படிக் கை வைப்பது?

விரலை எடுத்தேன்.

"அக்கா, உங்கட மாதாவில ஆணையாச் சொல்லுங்கோ. எது அனுப்புறது?"

"எண்ட மாதாவ ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க?"

"சொல்லுங்கோ. பிள்ளையின்ர வேலை இதில தொங்குது."

"நீங்க பட்டு உடுத்திக்கிட்டு ராசாத்தி மாதிரி நிண்டிருக்கீங்களாம். பிள்ளை சொன்னா. நான் மட்டும் வேலைக்காரி மாதிரி நிக்கவா?"

அப்போது நான் சொன்ன சொல் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கு என்ன பாடு பட்டது என்று எனக்குத்தான் தெரியும். "அக்கா, அந்தப் படங்களை நான் பாத்தனான். நீங்கள் அந்தக் கவுனிலதான் வடிவு. எனக்கு வயிறு எரியிற அளவுக்கு வடிவு."

"உண்மையாவா?"

"பொய் சொல்லி உங்களைப் புகழ எனக்கென்ன விசரோ?"

கொஞ்ச நேரம் தன்னுடைய தலைமயிரைத் தடவிக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாகச் சொன்னா. "வலது பக்கம் அக்கா."

வலது பக்கத்தை அமத்தினேன். தொண்ணூறு என்று விழுந்தது. "சரி, ஃபோனை வையுங்கோ, லைன் காணாது" என்று சொல்லி வைத்தேன். நூறு வந்தபோது அழுகை வந்தது. பிள்ளைக்காக அழுதேனா, அட்டைக்காக அழுதேனா என்று கேட்கக் கூடாது.

பிறகு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்தோம், அதெல்லாம் தனிக் கதை. ஒரு நாள் பின்னேரம் பேத்தி கொம்பியூட்டரோடு என் கட்டிலில் வந்து இருந்தாள். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

"அட்டைப்படம் வந்திருக்கு. பாருங்கோ. ஆனா கோவிக்கக் கூடாது."

பார்த்தேன். ஓட்டு வெளிச்சத்தில் அம்மம்மா நண்டைத் தூக்கிப் பிடித்து நிற்கிறா. நண்டின் கால்கூடப் பொன் மாதிரி மின்னுகிறது. சாம்பல் எல்லாம் போய்விட்டது, நல்ல சமையல். என் வயிறு எரியத் தொடங்கியது. அவள் விரலால் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். நடை வாசலில், கருக்கலுக்குள், ஒரு கிழவி. பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி, அம்மம்மாவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் கறியே பற்றியிருக்கும்.

"ஆர் பிள்ளை இந்த மூதேவி?"

"நீங்கள்தான்."

"நான் இருட்டுக்கையெல்லோ நிண்டனான்? ஆருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்கே தெரியேல்லை அப்பம்மா. இஞ்சை பாக்கேக்க அந்த இடம் வெறும் கறுப்பு. நானும் அங்கை கிண்டிப் பாக்கேல்லை. ஃபோன் படமெண்டா கறுப்பு கறுப்புத்தான். றோவில இருட்டுக்கையும் எல்லாம் கிடக்கும். பிரான்சுக்காரி அந்த இருட்டைத் திறந்து பாத்திருக்கிறா, உள்ளுக்கு நீங்கள் நிண்டிருக்கிறீங்கள். படத்தில உயிரே இந்தக் கண்தானாம், எழுதியிருக்கிறா. இதுதான் அட்டை எண்டு சொல்லுறா. அடுத்த புத்தகத்துக்கும் என்னைத்தான் கேட்டிருக்கிறா."

அவள் சிரித்தாள், நண்டுக்குச் சிரித்த அதே சிரிப்பு. அரக்குப் பட்டு, பூ, பவுடர் எல்லாம் புத்தகத்துக்குள் எங்கேயோ ஒரு பக்கத்தில். வெளியே உலகம் பார்க்கப் போவது இந்த முகத்தை.

"உங்களைக் கேட்டுத்தான் போடுவாவாம்" என்று பேத்தி மெதுவாகச் சொன்னாள். "விருப்பமில்லையெண்டா அந்த இடத்தைத் திரும்ப இருட்டாக்கலாம். அப்ப அம்மம்மா மட்டும் நிப்பா. அம்மம்மா ஓம் எண்டிட்டா. உங்களைத்தான் கேக்கோணும்."

அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஃபோன். அவவுக்கும் படம் போயிருக்கிறது.

"அக்கா, என்னா பார்வை அது? என்னைத் தின்னப் பாத்தீங்களா, நண்டத் தின்னப் பாத்தீங்களா?"

"ரெண்டையும்தான்."

"பிள்ளைக்குச் சொல்லிடுங்க அக்கா, பின்னால இருட்டாவே விடட்டும். உங்களுக்கும் வெக்கம். நான் தனிய நிண்டா எடுப்பாவும் இருக்கும், என்னா?"

சிரித்துச் சிரித்துத்தான் சொன்னா. நான் ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டு, திரையில் இருக்கிற கிழவியை இன்னொருதரம் பார்த்தேன். வாய் கோணல்தான். கண் மட்டும், சொல்லத்தான் வேண்டும், நல்ல கண்.

"பிள்ளை, பிரான்சுக்காரிக்கு எழுது" என்றேன். "என்ர பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடச் சொல்லு."